கொசு எண்ணிக்கைய விட ஆயுசு தான் மேட்டர்
மலேரியா ஒழியணும்னா ஒரு கொசு கூட இருக்கக்கூடாதுங்கற மாதிரி கட்டுரைல எழுதிருக்கீங்க, அது சரியில்லீங்க. 1897ல செகந்திராபாத்துல கொசு வயித்துல மலேரியா கிருமிய கண்டுபுடிச்ச ரொனால்ட் ராஸே பின்னாடி கணக்கு போட்டு காட்டிட்டாரு, கொசு ஒரு அளவுக்கு கீழ போனாலே போதும் நோய் தானா அடங்கிடும்னு. அப்புறம் 1950கள்ல மலேரியா ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் மெக்டொனால்டு சொன்னது தான் இன்னும் சூப்பர், கொசுவுக்குள்ள கிருமி வளர சூட்ட பொறுத்து 10 நாள் பக்கம் ஆகும், அது வரைக்கும் கொசு உயிரோட இருந்தா தானே நோய பரப்ப முடியும்? தினம் 100க்கு 90 பொழைக்குதுன்னா 10 நாள் கழிச்சு 35 மிஞ்சும், அதுவே 80 தான் பொழைக்குதுன்னா வெறும் 11, கால்குலேட்டர்ல தட்டி பாருங்க!! மருந்து வலை, சுவத்துல மருந்து அடிக்கறது எல்லாம் கொசு ஆயுச இப்படி கொறைக்கத்தான். எங்க வேலூர் சத்துவாச்சாரி பக்கம் சாக்கடைல மட்டும் மருந்து ஊத்திட்டு போயிடறாங்க, ஆனா டவுன்ல மலேரியா பரப்பற அனாபிலஸ் ஸ்டீபன்சிங்கற கொசு நல்ல தண்ணில, மாடி டேங்க்ல, கிணத்துல தான் முட்டை போடும். (எங்க வீட்டு டேங்க் மூடியே ஒடஞ்சி தான் கெடக்கு, இந்த ஞாயித்துக்கிழம மாத்தணும்)