ஓடாவியார் என்று போடாமல் விட்டேன்

நேற்று அப்புவின் அந்தியேட்டி, 31ஆம் நாள் கிரியை. 96 வயதுவரை இருந்தவர். வந்தவர்களுக்குக் கொடுத்த கல்வெட்டை, அதாவது நினைவுப் புத்தகத்தை, இரவு மறுபடி புரட்டினேன். சிவபுராணம் இருக்கிறது. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயருக்குப் பக்கத்தில் கனடா, லண்டன் எல்லாம் இருக்கிறது. அவர் என்ன தொழில் செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை. அச்சுக்குக் கொடுத்தது நான்தான். மனம் ஆறவில்லை.

அப்பு ஓடாவி, மரவேலை செய்யும் தச்சர். அதற்கு முதல், வெள்ளைக்காரன் காலத்துப் படையில் சேர்ந்து திருகோணமலையில் தச்சுவேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டபோது அவருக்கு 19 வயது. எண்ணெய்க் குதம் நாள்கணக்கில் எரிந்ததாம். "மத்தியானத்திலையும் வெயில் தெரியேல்லை, ராசா" என்பார். அவ்வளவுதான்.

எண்பதுகளுக்குப் பிறகு அதையும் சொல்லவில்லை. 'ஆமியில் இருந்தவன்' என்று யாழ்ப்பாணத்தில் யார் வாய்திறந்து சொல்வது? ஆமி என்றால் இலங்கை இராணுவம் என்று அந்தச் சொல்லே வேறாகிவிட்டது. படையில் கிடைத்த பதக்கத்தைச் சீலைத் துண்டில் சுற்றி உளிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் ஊரே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது சைக்கிள் கரியரில் அந்தப் பெட்டியைத்தான் கட்டினார். ஆச்சி ஏசினார். "உடுப்பு ஆரும் தருவினம். உளி ஆர் தருவினம்?" என்றாராம்.

அடுத்த வருடம் திரும்பி வந்தால் வீட்டில் சுவர் நின்றது, கதவு யன்னல் ஒன்றும் இல்லை. 73 வயதில் சீவுளியை எடுத்தார். முதலில் செய்தது எங்கள் வீட்டுக் கதவு அல்ல. குமர்ப்பிள்ளைகள் இருந்த பக்கத்து வீட்டுக்கு. எங்கள் வாசலில் மாதக்கணக்காகச் சாக்குத்தான் தொங்கியது. முதிரை மாதிரி நல்ல மரத்துக்கு எங்கே போவது? கிடைத்த வேம்பில்தான் எல்லாம். சீவி முடித்த பலகையைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். கை எங்காவது தயங்கினால் அந்த இடத்தில் மறுபடி சீவுளி ஓடும். ஐந்து பிள்ளைகளை வளர்த்த கை அது.

எங்கள் மரண அறிவித்தல்களைப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், தபாலதிபர் என்றால் பெரிய எழுத்தில் போடுகிறோம். ஓடாவி, மேசன், கொல்லன் என்றால் 'பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்' என்பதோடு சரி. இது மறதி இல்லை, கூச்சம். அவர் செய்த கதவைச் சாத்திவிட்டு உள்ளே நிம்மதியாகத் தூங்கியவர்கள் நாங்கள். எங்களுக்கு என்ன கூச்சம்?

ஒரு வருடம் முடியும்போது வரும் ஆட்டைத் திவசத்துக்குக் கல்வெட்டைத் திருப்பி அடிக்கப் போகிறேன். பெயருக்கு முன்னால் 'ஓடாவியார்' என்று வரும். பதக்கத்தின் படமும் வரும். அவர் செய்த கதவோ வாங்குப் பலகையோ அலுமாரியோ உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.