இரு முனை அம்பு, ஒரு வழிப் பாதை

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் சொற்றொடர் தேடலுக்கு (சொற்கள் அடுத்தடுத்து வருகிற இடத்தைத் தேடுவதற்கு) <-> என்ற குறியை வைத்தவர்கள் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல். இரண்டு பக்கமும் முனை உள்ள அம்பு. முதல் தடவை பார்க்கிறவர் "ரெண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் போதும்போல" என்றுதான் நினைப்பார். ஆனால் அது வரிசை விஷயத்தில் படு கறார். 'தங்க <-> மீன்' என்று கேட்டால் தங்க மீன் வரும். "மீன் தங்க இடமில்லை" வராது. வரக்கூடாதுதான். அப்புறம் எதற்கு அம்புக்கு இரண்டு முனை?

இதே குறி, வடிவியல் வகைகளில் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தைச் சொல்கிறது. அங்கே கச்சிதம். இங்கிருந்து அங்கே எவ்வளவோ, அங்கிருந்து இங்கேயும் அவ்வளவுதானே.

அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 2016இல், 9.6 பதிப்பில் இந்த வசதி வந்தபோது &, |, ! மூன்றும் ('இதுவும் அதுவும்', 'இது அல்லது அது', 'இது இல்லாமல்') ஏற்கெனவே தேடலில் வேலையில் இருந்தன. கேள்விக்குறியைத் தொட்டால் வம்பு: ஜாவா நிரல்கள் தரவுத்தளத்தோடு பேசும் ஜேடிபிசியில் அது மதிப்பு வந்து உட்காரும் இடம். ஜேசான்பி என்ற தரவு வகையின் ? ஆப்பரேட்டரை அங்கே ?? என்று எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது. ஒற்றை அம்பு -> ஜேசானிடம் போய்விட்டது. ஆனால் வகை வேறு என்றால் ஒரே குறியை இரண்டு இடத்தில் வைக்கலாம். <-> குறியையே அப்படித்தானே வைத்தார்கள்! ஒற்றை அம்புக்கு மட்டும் என்ன தடை?

இதைவிட என்னைக் கவிழ்த்தது, அம்பின் நடுக்கோட்டுக்குப் பதில் எண் போடும் <2>. "இரண்டு சொல் தூரத்துக்குள்" என்று நானாக நினைத்துக்கொண்டு எழுதி, வரவேண்டிய வரிகள் வராமல் அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அது 'சரியாக இரண்டாவது இடம்' மட்டுமே. காரணம் புரிந்தபின் கோபம் குறைந்தது: ஆங்கிலத் தேடலில் 'தி', 'ஆஃப்' மாதிரிச் சொற்களைக் கழித்துவிடுவதால், அவை விட்டுப்போன இடைவெளியை எண்ணிவைக்க இப்படி ஒரு கறார் தேவைப்படுகிறது. சரி, ஆனால் < என்பதைச் 'சிறியது' என்றே படித்துப் பழகிய கண்ணுக்கு இது பொறிதான்.

தேடல் பெட்டியில் தட்டுகிற மக்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 11ஆம் பதிப்பில் வந்த வெப்சர்ச் ஃபங்ஷன் சொற்றொடருக்கு இரட்டை மேற்கோளையே எடுத்துக்கொள்கிறது, தப்பாகத் தட்டினாலும் எரர் அடிப்பதில்லை. அம்போடு மல்லுக்கட்டுவது நாம்தான். நான் இப்போது <-> வருகிற ஒவ்வொரு வரிக்கு மேலும் 'இடமிருந்து வலம் மட்டும்' என்று கமெண்ட் போட்டுவிடுகிறேன்.