பீன்ஸ் நட்டால் தத்துவம், களை வெட்டினால் வட்டார நாவலா?

நேற்றிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்வி. "அக்கா, அந்த வீடியோவுல கேள்வி கேட்டது நீங்களா?" ஆமாங்க, நான்தான். பச்சைச் சேலை. மைக் மக்கர் பண்ணியதால் குரல் கீச்சென்று கேட்கும், அதுவும் நான்தான். மீம் போட்ட தம்பிகளுக்கு நன்றி, நன்றாகவே வந்திருக்கிறது.

நடந்ததை முழுசாகத் திரும்ப எழுதப் போவதில்லை, பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள். ஒரு புத்தகக் கூட்டம். இயற்கையோடு மனிதனுக்கு இருக்கும் உறவைப் பேசும் புத்தகங்கள் என்று தலைப்பு. பேச்சு முடிந்ததும் திரையில் ஒரு பட்டியல். அதில் ஒன்றுகூடத் தமிழில் எழுதப்பட்டதில்லை. 'சோளகர் தொட்டி', 'கூள மாதாரி' மாதிரித் தமிழ் நாவல்கள் எல்லாம் ஏனுங்க இதில் இல்லை என்று எழுந்து கேட்டேன். பேச்சாளர் சிரித்துக்கொண்டே, "அம்மா, அதெல்லாம் ஊர் சனங்க வாழ்க்கைக் கதை, வட்டார நாவல். நாம இங்க பேசறது இயற்கையைப் பத்தி" என்றார். அரங்கமே சிரித்தது. மைக்கை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

சரி, இயற்கையைப் பற்றியே பேசுவோம்.

பட்டியலில் முதல் புத்தகம் 'வால்டன்'. நல்ல புத்தகம், நானும் படித்திருக்கிறேன். 1845இல் ஹென்றி டேவிட் தோரோ ஒரு குளக்கரையில் குடிசை போட்டு இரண்டு வருஷம் சொச்சம் தங்கினார். இடம் அவருடையதுகூட இல்லை, நண்பர் எமர்சனுடையது. அங்கே பீன்ஸ் நட்டார், கொத்தினார், களை வெட்டினார், விற்றார். அதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். உலகமே இன்றுவரை படிக்கிறது. படிக்கட்டும். ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. அமெரிக்காவில் ஒருவர் பீன்ஸுக்குக் களை வெட்டினால் அது இயற்கைத் தத்துவம். எங்கள் ஆத்தா சோளக்காட்டில் களை வெட்டினால் அது வட்டார நாவலா? அவர் ஆசைப்பட்டு வெட்டினார், எங்கள் ஆத்தா வயிற்றுக்கு வெட்டினார், அதுதானே வித்தியாசம்?

நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். மனிதனுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவு என்று தலைப்பு வைத்தால் அதில் மனிதன் இருக்க வேண்டும். வேலை செய்கிற மனிதன். தொலைநோக்கியோடு வருகிறவர் மட்டும் இல்லை.

அன்றைக்குப் பேச்சில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது, வீடியோவில் அது வரவில்லை. குறிஞ்சி, முல்லை என்று சங்கப் பாட்டை ஐந்து நிமிஷம் புகழ்ந்தார். அடுத்த மூச்சில் நேராக அமெரிக்கக் குளக்கரை. நடுவில் இரண்டாயிரம் வருஷம் இங்கே யாரும் மரம் மட்டையைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. மா. கிருஷ்ணன் தமிழிலும் பறவைகளைப் பற்றி எழுதினாரே, அவர் எங்கே போனார்? 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' என்ற சூழலியல் நூலை எழுதிய தியடோர் பாஸ்கரன் எங்கே? அவர் பிறந்தது தாராபுரம். அந்த அரங்கத்திலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். வேலை செய்கிறவர்களின் கதை வேண்டாம், பறவை பார்க்கிறவர்களின் எழுத்துத்தான் வேண்டும் என்றே வைத்துக்கொண்டாலும் அதுவும் தமிழில் இருக்கிறதே. அதையும் விட்டுவிட்டால் என்ன அர்த்தம்?

எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். கொரங்காடு பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மழை குறைந்த மேட்டு மேய்ச்சல் நிலம். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. குச்சியை வெட்டி நட்டால் துளிர்க்கும், வருஷம் போகப் போக ஆடு நுழைய முடியாத அளவுக்கு அடர்ந்துவிடும். உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, மழை பெய்த கையோடு மாட்டை உள்ளே விடமாட்டார். புல் தலையெடுத்து விதை கொட்டட்டும் என்று கடவை அடைத்துவிடுவார். ஒரு காட்டில் மேய்ந்து முடித்தால் அடுத்த காட்டுக்கு மாற்றுவார். வெயில் காலத்தில் புல் காய்ந்துபோனால் வெள்வேலங்காய் உதிரும், ஆடுகள் அதைத் தின்னும். மாடு, புல், மரம், வேலி எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்ற ஏற்பாடு. காங்கேயம் காளையின் படத்தை முகப்புப் படமாக வைத்திருக்கிற ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு அந்தக் காளை தின்று வளர்ந்த புல்லின் பெயர் தெரியும்?

அப்பாரு கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதியதில்லை. ஆகவே அவருக்கு இயற்கையோடு உறவு கிடையாது. அப்படித்தானே?

சரி, வரப்போகிற கமெண்ட்டுகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

"யானை, புலி பற்றியெல்லாம் படிக்கக் கூடாது என்கிறீர்களா?" அப்படி எங்கே சொன்னேன்? அடுத்தது.

"பேசியவர் உண்மையிலேயே காட்டில் பல வருஷம் வேலை செய்தவர், அவரைக் கிண்டல் செய்யலாமா?" அவருடைய வேலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய மனிதர், மரியாதை இருக்கிறது. அந்த மரியாதையில் ஒரு துளி எனக்கும் திரும்பி வந்திருக்கலாம், அவ்வளவுதான். 'அம்மா' என்று கூப்பிட்டாரே என்கிறீர்கள். அந்த 'அம்மா' எந்தத் தொனியில் வந்தது என்று பெண்களைக் கேளுங்கள்.

"நீங்களே திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறீர்கள், சாயத் தண்ணீரால் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததில் உங்களுக்குப் பங்கில்லையா?" இது போன தடவையும் வந்தது. சம்பளம் வாங்குகிறவள் புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது? இதற்கு மேல் இதற்குப் பதில் இல்லை.

"விவசாயம்தானே இயற்கையைக் கெடுத்தது? ஆயிரம் அடிக்குப் போர் போட்டது யார், யானைக்கு மின்வேலி வைத்தது யார்?" நியாயமான கேள்வி. போர் போட்டது நாங்கள்தான். ஆனால் நான் சொல்கிற புத்தகங்கள் ஒன்றும் விவசாயிக்குப் பாராட்டு விழா நடத்தவில்லை. 1942இல் ஆர். சண்முகசுந்தரம் எழுதிய 'நாகம்மாள்' என்ன கதை? கணவனை இழந்தவள் நிலத்தில் பங்கு கேட்கிறாள், கடைசியில் கொலையில் போய் முடிகிறது. மண்ணோடு மனிதனுக்கு இருக்கிற உறவில் ஆசை, வன்மம், பங்காளிச் சண்டை எல்லாம் சேர்ந்துதான் வரும். சூரிய அஸ்தமனம் மட்டும் வராது. இவர்களுக்கு வேண்டியது அஸ்தமனம் மட்டும்.

இப்போது கடைசி ஆட்சேபம், கனமானது. ஒரு தம்பி வீடியோவுக்குக் கீழேயே கேட்டிருந்தார்: "உங்க தாத்தா காட்டுக்குச் சொந்தக்காரர். ஆடு மேய்ச்சவன் யாரு?"

அதைத்தானுங்க நானும் சொல்கிறேன்! பெருமாள்முருகனின் 'கூள மாதாரி' அதைத்தானே சொல்கிறது? பண்ணயத்துக்கு, அதாவது பண்ணை வேலைக்கு, விடப்பட்ட அருந்ததியர் பையன் ஒருவன், அவனோடு ஆடு மேய்க்கும் மற்றப் பிள்ளைகள், கூடவே சுற்றுகிற பண்ணையக்காரர் மகன். மேய்ச்சல் நிலம், கிணறு, பனை, மழை எல்லாம் அந்தப் பையன்களின் உடம்பு வழியாகத்தான் நமக்கு வருகிறது. எங்கள் வீட்டிலும் ஆடு மேய்க்க ஒரு பையன் இருந்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவனாக இருப்பான். எந்தத் தழையைத் தின்றால் ஆட்டுக்கு வயிறு உப்பும், கிளுவை வேலியில் எந்த இடத்தில் பாம்புப் புற்று, கரிச்சான் எங்கே கூடு கட்டியிருக்கிறது, எல்லாம் அவனுக்குத் தெரியும். எங்கள் வீட்டாருக்குத் தெரிந்தது அவனுக்கு எந்தத் தட்டில் சோறு போட வேண்டும் என்பது. அந்தக் காட்டை உள்ளங்கை போல அறிந்தவனுக்கு அதில் ஒரு சென்ட் கிடையாது. இதைச் சொல்லாமல் கொரங்காட்டைப் பற்றி அழகாக நாலு பத்தி எழுதினால் அது பொய். மேலே நான் எழுதிய பத்தியும் சேர்த்துத்தான். பட்டியல் போடுகிறவர்கள் அந்த நாவலை ஒதுக்குவது அது வட்டாரக் கதை என்பதால் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைப் படித்தபிறகு காட்டு நடைக்குப் போய் நிம்மதியாக மூச்சு இழுத்துவிட முடியாது, அதனால்தான்.

'சோளகர் தொட்டி'க்கும் இதே கதிதான். பவானிக்காரர் ச. பாலமுருகன் 2004இல் எழுதியது. முதல் பாதியில் சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலையின் பழங்குடிகளான சோளகர்கள் காட்டோடு எப்படி வாழ்ந்தார்கள் என்பது. தேன், கிழங்கு, ராகி, சாமி, ஆட்டம் எல்லாம் இருக்கும். இரண்டாம் பாதியில் வீரப்பன் தேடுதல் என்ற பெயரில் அந்த மக்கள் பட்ட சித்திரவதை. சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமானது. சந்தோஷம், புலி பெருகட்டும். ஆனால் புலியைப் பற்றிய புத்தகம் பட்டியலில் இருக்கிறது, அதே மலையில் அதற்கு முன்பிருந்தே வாழும் சனங்களைப் பற்றிய புத்தகம் இல்லை. அவர்களும் காட்டில்தானே இருக்கிறார்கள்?

வால்பாறைக்கு வாருங்கள். 40 கொண்டை ஊசி வளைவு ஏறி, தேயிலைச் சரிவில் நின்று "இயற்கையின் மடியில்" என்று படம் போடுகிறோம். அந்தப் பச்சை, காட்டை வெட்டி நட்டது. வெட்டியவர்கள் தென்மாவட்டங்களிலிருந்து முன்பணம் கொடுத்துக் கூட்டி வரப்பட்ட சனங்கள். குளிரிலும் காய்ச்சலிலும் அட்டைக்கடியிலும் செத்துப்போனவர்கள் எத்தனையோ. தோட்டத்தில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் அதை 1969இல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொண்டுவந்தார். மொழிபெயர்ப்புத்தான் வேண்டும் என்றால் இதையாவது சேர்த்திருக்கலாமே! முருகவேளின் சொந்த நாவல் 'முகிலினி' பவானி ஆற்றங்கரையில் வந்த ஆலையையும் ஆறு கெட்ட கதையையும் சொல்கிறது. 1962இல் ரேச்சல் கார்சன் பூச்சிமருந்தைப் பற்றி எழுதிய புத்தகம் பட்டியலில் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். நாம் தினம் குடிக்கிற பவானித் தண்ணீரைப் பற்றிய புத்தகத்துக்கு மட்டும் இடம் இல்லை.

தண்ணீர் என்றதும் அமுச்சி ஊர், அம்மாவின் அம்மா ஊர், ஞாபகம் வருகிறது. நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. அந்த அணை 1992இல் வந்தபோது அப்புச்சி, அம்மாவின் அப்பா, கிடா வெட்டியதாகச் சொல்வார்கள். இனி பாசனத்துக்குப் பஞ்சமில்லை என்று நினைத்திருக்கிறார். தேங்கியது சாயத் தண்ணீர். கிணற்றில் நுரை. தென்னை ஓலை மஞ்சளடித்தது. மாட்டுக்கு வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். விவசாயிகள் கோர்ட்டுக்கு நடையாக நடந்து, 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதற்குள் அப்புச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். வெள்ளிங்கிரியில் உற்பத்தியாகும் ஆறு, அரங்கத்தில் இருந்தவர்களில் பலர் அந்த மலையை ஏறிவிட்டுப் பரவசமாகப் பதிவு போட்டவர்கள். அந்த ஆற்றங்கரைச் சனங்களைப் பற்றிய தேவிபாரதியின் 'நொய்யல்' நாவலைக் கையில் எடுத்துப் பார்த்தீர்களா?

இப்போது எங்கள் பக்கம் கொரங்காடுகள் பிளாட் ஆகின்றன. கிளுவையைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடுகிறார்கள். வாசலில் இயற்கை என்ற சொல் வருகிற மாதிரி ஒரு போர்டு. வார இறுதிக்கு வருகிறவர்கள் எங்கள் சின்னம்மாவிடம், "ஆயா, இது என்ன செடி?" என்று கேட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்கள். படத்தில் செடி இருக்கும். பெயர் சொன்ன சின்னம்மா இருக்கமாட்டார். அன்றைக்கு அரங்கத்தில் சிரித்தவர்களில் ஒருவர் போன மாசம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கம்பங்கூழ் குடித்தவர். அவர் சிரித்ததுதான் எனக்கு ஆறவில்லை. பேச்சாளர் சிரித்ததுகூடப் பரவாயில்லை, யாரோ பெரியவர். நீங்கள் ஏனுங்க சிரித்தீர்கள்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று சொல்வீர்கள். ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன்.

"அக்கா, லிஸ்ட் போடுங்க" என்று கேட்கிறவர்களுக்கு: மேலே சொன்னதே லிஸ்ட், தனியாகப் போஸ்டர் எல்லாம் செய்ய எனக்கு வராது. 'முகிலினி' என்னிடம் கூடுதலாக ஒரு பிரதி இருக்கிறது, திருப்பூரில் இருப்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம். அப்புறம், என்னுடைய 'கூள மாதாரி'யை யாரோ வாங்கிக்கொண்டு போய் ரொம்ப நாளாகிறது. அட்டையில் டீக்கறை இருக்கும். பெயர் சொல்ல வேண்டாம், கொரியரில் அனுப்பிவிடுங்கள்.