எவ்ளோ ஆச்சுன்னு கேட்டவங்களுக்கு

ஞாயித்துக்கெழம பாலக்கோட்டு காதுகுத்துல நடந்தது உங்கள்ல பாதி பேருக்கு தெரியும், மீதி பேரு ஃபேமிலி குரூப்புல வந்த வீடியோவ பாத்திருப்பீங்க, அதனால திரும்ப சொல்லல. "ரெண்டு லட்சம் குடுத்து வெள்ளப் புகைய பாத்துட்டு வந்திருக்கா"ன்னு பெரியப்பா சொன்னதுக்கு பந்தியில ஒரு வரிசையே சிரிச்சுது, சாம்பார் ஊத்தினவரு கூட சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். வூட்டுக்கு வந்து பொடவ மாத்தறப்பதான் கண்ணு கலங்குச்சு.

ஆப்பிரிக்காவுல ஜாம்பியாவுக்கு போயி விக்டோரியா அருவிய பாத்துட்டு வந்து பன்னெண்டு நாளாவுது. எல்லாரும் கேக்கறது ஒரே கேள்வி, எவ்ளோ ஆச்சு. ஜாக்கெட் அளவு குடுக்க கடைக்கு வர்றவங்க கேக்கறாங்க, சீட்டுக்காரக்கா கேக்கறாங்க, எதுத்த மளிகைக்கடை அண்ணன் மீதி சில்லறய கையில வச்சிக்கிட்டே கேக்கறாரு. என்னம்மா பாத்தேன்னு ஒருத்தரும் கேக்கல. ஒருத்தரும்.

சரி, புகைதான். ஒத்துக்கறேன். நான் போனது ஏப்ரல். அங்க மழ நவம்பர்ல புடிச்சு மார்ச் வாக்குல விடுது, மேல அங்கோலா வரைக்கும் பேஞ்ச தண்ணியெல்லாம் ஜாம்பெசி ஆத்துல எறங்கி வர ஏப்ரல் ஆயிடும், அப்ப அருவி முழுசா ரொம்பி சாரல் வானத்துக்கு எழும்பிடுது, கிட்ட போனா எதிர்ல என்ன இருக்குன்னே தெரியாது. 1.7 கிலோமீட்டர் அகலம், 108 மீட்டர் ஒசரம், அத்தனயும் சத்தமாத்தான் வருது, கண்ணுக்கு வரல. கடைசி நாள் காலையில அந்த ஒல்லிப் பாலத்து மேல வாடக ரெயின்கோட்ட போட்டுக்கிட்டு அரை மணி நேரம் நின்னேன். செருப்புக்குள்ள தண்ணி, காதுக்குள்ள தண்ணி, தொண்டைக்கு கீழ நெஞ்செலும்பு அதிருது. மத்தியானம் பஸ்ஸு, தலைநகரம் லுசாகாவுக்கு ஏழெட்டு மணி நேரம், மறுநாள் ஃப்ளைட்டு. கெளம்ப மனசே வரல, அங்க இருக்கற சித்தப்பா பையன்தான் அக்கா அக்கான்னு கைய புடிச்சு இழுத்துட்டு வந்தான்.

1855ல லிவிங்ஸ்டன்னு ஒரு வெள்ளக்காரரு வந்து பாத்துட்டு அவங்க ராணி பேர வச்சுட்டு போனாரு, விக்டோரியா. ஊர்க்காரங்க அதுக்கு முன்னாடியே வச்ச பேரு மோசி ஓவா துன்யா, இடி இடிக்கிற புகைன்னு அர்த்தமாம். நம்ம ஒகேனக்கல் மட்டும் என்ன? கன்னடத்துல ஹொகேன்னா புகை, கல்லுன்னா கல்லு. புகையுற கல்ல பாத்து வளந்தவ புகைய பாக்க போனேன், இதுல சிரிக்க என்ன இருக்கு பெரியப்பா?

"ஒகேனக்கல் இருக்கறப்ப அங்க எதுக்கு?" இதான் அடுத்தது. ஒகேனக்கல்ல நான் கொறச்சு பேசுவேனா? எங்கப்பா முப்பது வருசம் அங்க பரிசல் ஓட்டினவரு. கபினியில தண்ணி தொறந்துட்டாங்கன்னா பரிசலுக்கு தடை, எங்க வூட்ல அன்னிக்கு ராத்திரி வெறும் களியும் கொள்ளு ரசமும். அந்த ஆத்த பத்தி எனக்கு பாடம் எடுக்காதீங்க, தயவு செஞ்சு.

களின்னதும் ஞாபகம் வருது. அங்கயும் களிதாங்க! ந்ஷிமான்னு சொல்றாங்க, வெள்ள மக்காச்சோள மாவு, கையாலதான் உருட்டி சாப்பிடறாங்க, நிலக்கடல போட்ட கீரை தொட்டுக்க. கபென்டான்னு ஒரு பொடி மீனு கருவாடு, அப்படியே நம்ம நெத்திலி. எனக்கு சாப்பாடு வச்ச அந்தம்மா அந்த ஆத்தோரத்து டோங்கா ஜனம். அவங்க தாத்தா பாட்டிய 1950கள்ல அதே ஜாம்பெசியில கரிபா அணை கட்டறப்ப ஆத்தோரத்துல இருந்து வெளியேத்திட்டாங்களாம், மொத்தம் 57,000 பேரு கிட்ட. எங்க அப்பத்தா நாகமரைப் பக்கம், மேட்டூர் டேம் தண்ணியில ஊரு போனத சொல்லி சொல்லியே செத்துச்சு. தண்ணி வத்துனா பண்ணவாடியில முழுகிப்போன கோயிலு நந்தி தலைய நீட்டும்ல, அத என் ஓட்ட இங்கிலீசுல சொன்னேன், அந்தம்மா என் தட்டுல இன்னொரு உருண்ட வச்சாங்க. இதுக்கு எவ்ளோ ஆச்சுன்னு பில்லு போட சொல்றீங்களா?

"அந்த காசுல ரெண்டு பவுன் எடுத்திருக்கலாம்." எடுத்திருக்கலாம். அடகு வச்சிருக்கலாம். மூழ்கியும் போயிருக்கலாம். "கடன் இருக்கே?" இருக்கு, நான் கட்டறேன். "பொம்பள தனியா..." இதுக்கு பதில் கெடயாது, போங்க. "போட்டோ போட்டு சீன் போட்டியே?" ஆமா போட்டேன், நாப்பத்தி மூணு போட்டோ, முப்பதுல ஒண்ணுமே தெரியாது.

பெரியப்பா பையன் போன வருசம் பாங்காக் போயிட்டு வந்தான். அவன யாரும் பந்தியில வச்சு கணக்கு கேக்கல. பாட்டில் கொண்டாந்தியான்னுதான் கேட்டாங்க.

எங்கப்பா மேட்டூர தாண்டி போனதே இல்ல. அந்தாளுக்கு ஆசை இல்லாமயா? டூரிஸ்ட்டுங்க துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்த ஊரு பேரெல்லாம் ட்ரங்குப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாரு. எதுக்கு வச்சிருந்தாருன்னு அப்ப நான் கேக்கல. நானுந்தான் கேக்கல, சரி, அத விடுங்க.

அம்மா மட்டும் நேத்து ராத்திரி கேட்டுச்சு, அந்த ஆத்து தண்ணி குடிச்சியா, எப்படி இருந்துச்சுன்னு. நம்மூரு ஃப்ளோரைடு போர் தண்ணி குடிச்சு பல்லு பழுத்தவங்களுக்கு அதான் மொதக் கேள்வி. சாரல் வாயில பட்டுச்சும்மா, ஒரு ருசியும் இல்ல, சப்புன்னு இருந்துச்சுன்னேன். நல்ல தண்ணின்னுச்சு. அப்பறம் அங்க பரிசல் உண்டான்னு கேட்டுச்சு. இல்லம்மா, மரத்த கொடஞ்சு செஞ்ச நீட்டு ஓடம், நேராத்தான் போவும்னேன்.

"சுத்தாதா?"

சுத்தாதுன்னேன்.

"அப்பறம் அதுல என்ன இருக்கு"ன்னு திரும்பிப் படுத்துக்கிச்சு.