மலாவி தடுப்பூசியை எரித்தது ஏன்?

“ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி கொடுத்து என்ன பயன்? மலாவியில் போட்டுக்கொள்ள ஆளில்லாமல் கொளுத்திவிட்டார்கள்” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. எரித்தது உண்மைதான்: 2021 மே மாதம், 19,610 டோஸ் கொரோனா தடுப்பூசி. சொல்லப்படும் காரணம்தான் தவறு.

ஆப்பிரிக்க ஒன்றியம் வழியாக 1,02,000 டோஸ் மார்ச் 26 அன்று வந்து இறங்கியது. காலாவதித் தேதி ஏப்ரல் 13. வெறும் 18 நாள்! ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கவே அது போதுமா? சிலரிடம் தயக்கம் இருந்தது, சரி. ஆனாலும் சுமார் 80 சதவீதத்தைப் போட்டு முடித்துவிட்டார்கள். காலாவதியானது யாருக்கும் போடப்படாது என்று மக்களுக்குக் காட்டத்தான் மிச்சத்தை வெளிப்படையாக எரித்தார்கள்.

நன்கொடைத் தடுப்பூசி வந்து சேரும்போது குறைந்தது 10 வார ஆயுளாவது மிச்சமிருக்க வேண்டும் என்று ஏழை நாடுகளுக்கும் கொரோனா தடுப்பூசி கிடைக்கச் செய்த உலகத் திட்டமான கோவாக்ஸும் ஆப்பிரிக்க அமைப்புகளும் அந்த நவம்பரில் கேட்டன.