டிரங்க் பெட்டியில் இருப்பதை இணையத்துக்குக் கொண்டுவாருங்கள்

இறந்துபோன படைவீரர்களுக்கு இணையத்தில் நினைவுப் பக்கம் வைப்பதெல்லாம் வீண் வேலை, ஒரு மெழுகுவத்திப் படத்தைப் போட்டுவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுகிறார்கள் என்று நண்பர் ஒருவர் சமீபத்தில் இங்கே எழுதியிருந்தார். அந்த மெழுகுவத்திப் படம் எனக்கும் பிடிக்காது. ஆனால் அதற்காக நினைவுப் பக்கங்களே வேண்டாம் என்றால் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கடலூர், புதுவைப் பக்கத்துக்காரர்களான நமக்கு அவை ரொம்பவே தேவை. அவற்றை எழுத வேண்டியவர்கள் அந்தந்தக் குடும்பத்தார் என்பதுதான் என் கட்சி.

புதுவை கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்தை எல்லாரும் பார்த்திருப்போம். 1938இல் திறந்தது. முதல் உலகப் போரில் உயிர்விட்ட பிரெஞ்சிந்தியப் படைவீரர்களுக்காக எழுப்பியது. ஜூலை 14 அன்று விளக்கு அலங்காரம் செய்வார்கள், மலர்வளையம் வைப்பார்கள், நாம் நின்று படம் எடுத்துக்கொள்வோம். சரி, அப்படி இறந்தவர்களில் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் எங்கே போவது? பிரான்சின் பாதுகாப்பு அமைச்சகம் நடத்தும் 'மெமுவார் தெ ஸோம்' என்ற இணையதளத்துக்குத்தான் போக வேண்டும். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்ட 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவட்டைகளை அங்கே படமெடுத்து வைத்திருக்கிறார்கள். இந்தோசீனப் போரிலும் அல்ஜீரியாவிலும் இறந்தவர்களுக்கும் அதே தளத்தில் தனிப் பட்டியல்கள் உண்டு.

ஒரு அட்டையைத் திறந்து பார்த்தால் மனம் என்னவோ செய்கிறது. ஆளுக்கு ஒரு அட்டை. குடும்பப் பெயர், சொந்தப் பெயர், பதவி, படைப்பிரிவு, பதிவு எண், இறந்த தேதி, இறந்த இடம், இறந்த விதம், பிறந்த தேதி, பிறந்த ஊர். யாரோ ஒரு எழுத்தர் மைப்பேனாவால் சாய்வெழுத்தில் நிரப்பியிருக்கிறார். இறந்த விதம் என்ற வரியில் சிலருக்குப் போர்க்காயம் என்றும் சிலருக்கு நோய் என்றும் இருக்கும். ஒரு மனிதனின் கடைசி நாளைப் பற்றி அரசாங்கத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவருக்கு அண்ணன் தம்பி இருந்தார்களா, எந்தத் தெருவிலிருந்து கிளம்பிப் போனார், கடிதம் வந்ததா, அம்மா எத்தனை வருஷம் காத்திருந்தார் என்பதெல்லாம் அந்த அட்டையில் இல்லை. அதை எழுத பாரீசில் உட்கார்ந்திருக்கும் ஒருவரால் முடியாது. இங்கே முத்தியால்பேட்டையிலோ காரைக்காலிலோ இருக்கும் கொள்ளுப்பேத்தியால்தான் முடியும்.

புதுவையில் 'சொல்தா வீடு' என்றால் இன்னும் வழி காட்டுவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று, பிரான்சு அரசின் பென்ஷன் வாங்கியவர்களின் வீடுகள். 1940 செப்டம்பரில் பிரெஞ்சிந்தியா, ஜெர்மனிக்குப் பணிய மறுத்த ஜெனரல் தெ கோலின் சுதந்திர பிரான்சு பக்கம் சேர்ந்த பிறகு போனவர்கள், அப்புறம் இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனவர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை இருந்தது. பெரியவர் காலமாகிவிடுவார். பிள்ளைகள் பிரான்சில். வீடு கைமாறும். மிலிட்டரி புத்தகம், பதக்கம், சைகோனில் எடுத்த போட்டோ எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போகும். இது நம் கண் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் பத்து வருஷம் விட்டால் கேட்பதற்கும் ஆள் இருக்காது.

கடலூர்ப் பக்கம் கதை வேறு. இங்கே இருந்து போனவர்கள் பிரிட்டிஷ் இந்தியப் படைக்குப் போனார்கள். அவர்களில் இறந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடலாம். இரண்டு உலகப் போர்களிலும் உயிரிழந்த சுமார் 17 லட்சம் பேர் அதில் இருக்கிறார்கள். கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் பழைய மாவட்டப் பெயரான தென்னாற்காட்டை ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். 1993இல் பிரிக்கப்பட்ட மாவட்டம் அங்கே இன்னும் பிரியாமல் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்த பலருக்குத் தகப்பனார் பெயரும் ஊரும் போட்டிருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பெயர் கண்ணில் படும்போது அடுத்த தெருவில் விசாரித்துவிடலாம் போலிருக்கும். விசாரிக்கவும் வேண்டும்.

உடல் திரும்பி வராதவர்களின் குடும்பங்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். 1971 பாகிஸ்தான் போரில், டிசம்பர் 9 அன்று நம் போர்க்கப்பல் ஐஎன்எஸ் குக்ரி மூழ்கியபோது 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கடலோடு போனார்கள். 2015 ஜூன் 8 அன்று ரோந்து போன கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூன்று பேரோடு காணாமல் போனது. ஒரு மாதம் தேடி, நம் கடலூர் - சிதம்பரம் கரைக்கு அப்பால்தான் அதன் கருப்புப் பெட்டியை எடுத்தார்கள். அடுத்த வருஷமே, 2016 ஜூலை 22இல், தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் 29 பேரோடு மறைந்தது. 2024 ஜனவரியில்தான் சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைக் கண்டுபிடித்தார்கள். ஏழரை வருஷம் அந்த வீடுகளில் படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் தவித்திருப்பார்கள். அவர்கள் போய் நிற்பதற்கு ஒரு சமாதி இல்லை. பெயரும் படமும் நாலு வரியும் உள்ள ஒரு இணையப் பக்கம்தான் சமாதி. அதைப் போய் வீண் வேலை என்று சொல்லலாமா?

இன்னொன்றும் இருக்கிறது. ராணுவத்தில் 'பேட்டில் கேஷுவல்டி', 'ஃபிசிகல் கேஷுவல்டி' என்று இரண்டு கணக்கு உண்டு. போரிலோ ராணுவ நடவடிக்கையிலோ இறந்தால் முதலாவது. மாரடைப்பு, நோய், சாலை விபத்து, தற்கொலை என்றால் பெரும்பாலும் இரண்டாவது. குடும்பத்துக்குக் கிடைக்கும் பணமும் மரியாதையும் அதைப் பொறுத்தது. டெல்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவகத்தின் கருங்கல் சுவர்களில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அவை போரிலும் நடவடிக்கையிலும் இறந்தவர்களின் பெயர்கள். கல்லில் அப்படி ஒரு வரம்பு வைத்தால் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் ஊர் நினைவுப் பக்கத்தில் அந்தக் கோட்டை ஏன் இழுக்க வேண்டும்? இருபது வருஷம் பனியிலும் பாலையிலும் இருந்துவிட்டு, லீவில் வந்த இடத்தில் நெஞ்சுவலியில் போன ஹவில்தாரும் பட்டாளத்துக்காரர்தான். மன உளைச்சலில் உயிரை மாய்த்துக்கொண்ட பையனும்தான். அவன் அம்மா ஊருக்குள் மகன் பெயரையே சொல்லத் தயங்குகிறாள். அவளுக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

இலங்கைக்குப் போன அமைதிப்படை பற்றித் தமிழில் எழுதுவது சுலபமில்லை. 1987 முதல் 1990 வரை அங்கே நம் ராணுவத்தினர் ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். அதே காலத்தில் ஈழத்தில் பொதுமக்கள் பட்ட பாடும் நமக்குத் தெரியும். 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னையில் வந்து இறங்கியபோது வரவேற்க முதல்வர் போகவில்லை. தமிழ்நாட்டிலிருந்து போய் அங்கே இறந்தவர்களின் வீடுகளில் இந்த இரண்டு துக்கமும் ஒன்றாகக் கிடக்கின்றன. அந்த மனைவிமார் முப்பத்தைந்து வருஷமாகப் பேசாமல் இருக்கிறார்கள். அவர்களைப் பேச வைக்கும் இடம் ஒன்று வேண்டும். அங்கே யாரும் வந்து வாதம் செய்யக் கூடாது, கருத்துப் பெட்டியை மூடிவைக்கும் உரிமை குடும்பத்துக்கு இருக்க வேண்டும்.

இப்போது உயிரோடு இருப்பவர்களைப் பற்றி. அப்பா ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்து ஓய்வுபெற்றவர். அவர் போன பிறகும் அவருடைய யூனிட்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் இருக்கிறேன். காலை வணக்கம், பழைய போட்டோ, யாருக்குப் பேரன் பிறந்தான் என்பதுதான் பெரும்பாலும். ஆனால் அந்த மாதிரிக் குழுக்கள் செய்யும் உதவியை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நெல்லிக்குப்பத்தில் எங்கள் உறவுக்காரப் பெரியம்மா. கணவர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் நாயக்காக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் இறந்ததும் குடும்ப பென்ஷன் வரவில்லை. படைக் குறிப்பில் வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் வேறு பெயர், பிறந்த தேதியும் பொருந்தவில்லை. வங்கிக்குப் போனால், படைவீரர் பென்ஷனுக்கான இணையதளமான ஸ்பார்ஷில் பாருங்கள் என்றார்கள். ஸ்பார்ஷ் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. கணவரோடு வேலை பார்த்தவர்களின் குழுவில் அவர் மகள் விவரத்தைப் போட்டாள். அன்று இரவே, படை ஆவண அலுவலகமான ரெக்கார்ட்ஸில் கிளார்க்காக இருந்த ஒரு சுபேதார் குரல் செய்தி அனுப்பினார்: "அண்ணி, நீங்க அலையாதீங்க. கல்யாணமானப்போ அதைப் பதிஞ்சு போட்ட பார்ட் டூ ஆர்டர் நகல் வெலிங்டன் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ்ல இருக்கும். டிஸ்சார்ஜ் புக்ல கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்க, மத்தத நான் சொல்றேன்." என்ன உறுதிமொழிப் பத்திரம், யாரிடம் கையெழுத்து, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எந்த மேசை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூடவே வந்தார். பென்ஷன் வந்தது, நிலுவையும் சேர்த்து. பெரியம்மா அவரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

நினைவகமும் இந்த உதவியும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஒருவரின் நினைவைப் போற்றுகிறோம் என்று சொல்லிவிட்டு, அவர் மனைவி நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்கத் தெரியாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் போற்றுதலுக்கு என்ன அர்த்தம்?

கோபமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லையில் ஒருவர் இறந்த செய்தி வந்த அரை மணி நேரத்தில் அவர் படத்தை எடுத்து, நெருப்பும் கொடியும் ஒட்டி, பாட்டுப் போட்டு, தங்கள் பக்கத்தின் பெயரை மூலையில் அச்சிட்டு வெளியிடுகிறார்கள். பெயரில் பிழை, ஊரில் பிழை. அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு சவப்பெட்டி பக்கத்தில் நிற்கும் குழந்தையின் படம் பல லட்சம் பேருக்குப் போகிறது. அந்தக் குழந்தை வளர்ந்து தன் பெயரைத் தேடும்போது முதலில் வருவது அந்தப் படமாக இருக்கும். யார் அனுமதி கொடுத்தார்கள்? குடும்பம் நீக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் நீக்க வேண்டும். கேட்காமலே படம் போடாதிருப்பது இன்னும் நல்லது.

வெளிநாடுகளில் இதை நன்றாகச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் வேண்டும் என்று இணையத்தில் படம் சேர்க்கத் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் பழைய பள்ளி ஆண்டு மலர்களையும் உள்ளூர்ப் பத்திரிகைகளையும் புரட்டினார்கள். 2022இல் எல்லாப் பெயருக்கும் குறைந்தது ஒரு படமாவது கிடைத்துவிட்டது. பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் முதல் உலகப் போரில் பங்கெடுத்த 77 லட்சம் பேருக்குப் பக்கம் திறந்து, பொதுமக்களைத் தகவல் சேர்க்கச் சொன்னது. 2019 மார்ச்சில் சேர்ப்பதை நிறுத்தி, அப்படியே நிரந்தர ஆவணமாக வைத்துவிட்டது. எப்போது நிறுத்துவது, பிறகு எங்கே வைப்பது என்று யோசித்ததுதான் எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது. நம் ஊரில் ஆர்வத்தில் ஒருவர் இணையதளம் தொடங்குவார், இரண்டு வருஷத்தில் கட்டணம் கட்டாமல் அது மறைந்துவிடும். அதனால் எதை ஏற்றினாலும் ஒரு அச்சுப் பிரதி எடுத்து, புதுவை ரோமன் ரோலண்ட் நூலகத்திலோ கடலூர் மாவட்ட மைய நூலகத்திலோ கொடுத்து வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உங்கள் வீட்டிலும் இருக்கும் அந்தக் கருப்புத் தகர டிரங்க் பெட்டி. மேலே வெள்ளைப் பெயிண்டில் நம்பர், பதவி, பெயர், யூனிட். அதைத் திறந்து டிஸ்சார்ஜ் புத்தகம், பதக்கம், கடிதம், குரூப் போட்டோ எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுங்கள். குரூப் போட்டோவின் பின்பக்கத்தையும் எடுங்கள், பெயர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், ஊர்ப் பெயரையும் தெருவையும் விடாதீர்கள். ஆனால் பென்ஷன் எண், வங்கி விவரம், ஆதார், இப்போதைய முகவரி எதையும் பொதுவில் போடாதீர்கள். உயிர்ச்சான்றைப் புதுப்பிக்கிறோம், ஓடிபி சொல்லுங்கள் என்று விதவைகளிடம் பேசிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. பணியில் இருக்கும் பிள்ளைகளின் யூனிட், இடம் எதுவும் வேண்டாம்.

டிசம்பர் 7 கொடிநாளுக்குள் கடலூர், பண்ருட்டி, பாகூர், புதுவைப் பக்கம் இருக்கும் குடும்பங்களின் பதிவுகளைச் சேர்க்கத் தொடங்கலாம் என்று இருக்கிறோம். எந்த நாட்டுச் சீருடை, எந்தப் போர், எப்படி இறந்தார் என்ற பாகுபாடு கிடையாது. பிரெஞ்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் பெரிய உதவி. படமெடுக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வருகிறேன். பின்னூட்டத்தில் வேண்டாம், உள்பெட்டியில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதுங்கள்.