ஊருணிப் படியில் செருப்பைக் கழற்றுவது பற்றி

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். குடிதண்ணீர் ஊருணிக்குப் போனால் அப்பத்தா செருப்பை மேல்படியிலேயே கழற்றிவிடுவார். குடத்து வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி மொண்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் தேத்தாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் நன்றாக உரசி, அதன்மேல் தண்ணீரை ஊற்றுவார். கொஞ்ச நேரத்தில் கலங்கல் எல்லாம் அடியில் படிந்துவிடும். குளிக்க வேறு ஊருணி. குடிக்கிற ஊருணியில் எவனாவது கால் கழுவினால், அவன் யார் வீட்டுப் பிள்ளையானாலும் சத்தம் விழும்.

2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை, குடிநீரும் சுகாதாரமும் மனித உரிமை என்று தீர்மானம் போட்டது. இந்தியாவையும் சேர்த்து 122 நாடுகள் ஆதரவு. எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை, 41 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. கொண்டுவந்தது பொலிவியா. அங்கே கோச்சபம்பா நகரில் தண்ணீரைத் தனியாரிடம் கொடுத்து, கட்டணம் ஏறி, 2000-இல் ஊரே தெருவுக்கு வந்தது. தலைமுறையாகத் தங்கள் வழக்கப்படி தண்ணீரைப் பங்கிட்டுவந்த பாசனக்காரர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

அந்தத் தீர்மானத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது மனிதனுக்குத் தண்ணீர் கிடைக்கிறதா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறது. தண்ணீருக்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி பழங்குடிகளிடம்தான் உயிரோடு இருக்கிறது. நியூசிலாந்தின் வாங்கனுயி ஆற்றங்கரை மாவோரி மக்கள் ‘நானே ஆறு, ஆறே நான்’ என்பார்கள். நூறு வருஷத்துக்கு மேல் போராடி, 2017-இல் அந்த ஆற்றையே சட்டப்படி ஒரு நபராக்கினார்கள். ஆற்றுக்காகப் பேச இரண்டு பேர்: ஒருவர் அரசு தரப்பு, ஒருவர் அந்த மக்கள் தரப்பு. நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றமும் 2022-இல் இயற்கைக்கு உயிருள்ள நபரின் உரிமை உண்டு என்றது. படித்தபோது அப்பத்தா கழற்றிய செருப்புதான் ஞாபகம் வந்தது.

சரி, இதோடு நிறுத்தினால் பாதியைத்தான் சொன்னவன் ஆவேன். அந்தப் படியில் எல்லோரும் இறங்கவில்லை. சேரிப் பெண்கள் காலிக் குடத்தோடு கரையில் நிற்பார்கள், யாராவது மனசு வைத்து ஊற்றினால்தான் தண்ணீர். அப்பத்தாவே ஊற்றியிருக்கிறார், தள்ளி நின்று, குடம் படாமல். இதைச் சொல்லாமல் பாரம்பரியம் என்று பெருமை பேச எனக்கு வாய் வரவில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊர்க் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது இதனால்தான். அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவைப் பாருங்கள். கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள், யாரையும் தடுக்கக் கூடாது என்று. வழக்கம் தராத நியாயத்தைச் சட்டம்தான் தந்தது. ஆனால் ஊருணியைச் சுத்தமாக வைத்திருந்தது வழக்கம். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளிவிட முடியாது.

இப்போது வீட்டுக்கு வீடு கேன் தண்ணீர். அந்த ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் பாதி வீட்டுமனைக்குள் போய்விட்டது. நல்ல மழை பெய்தாலும் நாலு படிக்கு மேல் தண்ணீர் ஏறுவதில்லை. வரத்துக்காலை அளந்து கல் நட வேண்டும் என்று கிராமசபைக்கு மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து, அன்று கரையில் நின்ற ஒரு அம்மாவின் பேத்தி போட்டது. அளக்க வரும் அன்று நானும் கூடவே நடப்பேன், ஊர்க்காரர்கள் எல்லோரும் வாருங்கள்.